சத்தம் போடத் தெரியாத பிள்ளை

ஓகஸ்ட் 5, செவ்வாய்

இன்றைக்குத்தான் எனக்கு அளவான சப்பாத்து கிடைத்தது. முன்பக்கம் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்து. ஆறு மாதமாக ஆண்களின் அளவில் ஒன்றைப் போட்டு, உள்ளே இரண்டு சோடி காலுறையும் அடைத்து, தாரா வாத்து மாதிரி நடந்து திரிந்தேன். தொழிற்கல்லூரிக் களஞ்சியத்தில் இருக்கும் மனிசி பாவப்பட்டு எங்கேயோ தேடி எடுத்து வைத்திருக்கிறா. இரும்பு வேலை படிக்கும் பதினெட்டுப் பேரில் பெண் என்று நான் ஒருத்திதான். மன்னார் என்றும் நான் ஒருத்திதான்.

காலை ஐந்தரைக்கு எழும்பி நோபல் பார்க்கில் ரெயில் ஏறி, டண்டினோங்கில் இறங்கி பஸ் எடுக்க வேண்டும். பஸ் முழுக்கத் தொழிற்சாலைச் சனம். எல்லோரும் மஞ்சள் சட்டை, எல்லோரும் அரைத் தூக்கம். ஊரில், பேசாலையில், அம்மா "றொசானா மெல்பேர்னில இஞ்சினியரிங் படிக்கிறாள்" என்று சொல்லித் திரிகிறா. பொய்யில்லை, சான்றிதழில் அப்படித்தான் இருக்கப் போகிறது. வெல்டிங் முகமூடியோடு எடுத்த படத்தை மட்டும் இன்னும் அனுப்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தரின் அன்ரி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. இந்த வீடு அவவுடையது. நானும் லக்சிகாவும் ஆளுக்கொரு அறையில் இருக்கிறோம். "என்னடி கையெல்லாம் பொட்டுப் பொட்டாக் கிடக்கு? உன்னை ஆர் கலியாணம் கட்டுவான்?" நெருப்புப் பொறி பட்டது, அன்ரி, ரெண்டு நாளில் காய்ந்துவிடும் என்றேன். லக்சிகா தாதிப் படிப்பு, யாழ்ப்பாணத்துக்காரி. மருந்தைப் பூசிக்கொண்டே, "கையுறை எண்டு ஒண்டு கண்டுபிடிச்சிருக்கினம், கேள்விப்படேல்லையோ?" என்றாள். இப்படித்தான் போகிறது வாழ்க்கை. நல்லாத்தான் போகிறது.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

மானம் போய்விட்டது. எழுதி வைத்தாலாவது ஆறும்.

எங்கள் வேலைக்கூடத்தில் தலைக்கு மேலே ஓடும் கிரேன் ஒன்று இருக்கிறது. பாரமான இரும்பைத் தூக்கிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும். அதை ஓட்டுபவர் பொத்தான் பெட்டியைக் கையில் பிடித்தபடி கூடவே நடப்பார். அவருடைய கண் சுமையில் இருக்கும். எதிரே ஒருவர் வழி பார்க்க நிற்பார். அவருடைய கண் மற்ற எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். ஏதாவது பிழைத்தால் வழி பார்ப்பவர் "ஸ்டொப்" என்று கத்த வேண்டும். கத்தினால் யாராக இருந்தாலும் நிற்க வேண்டும். இவ்வளவுதான் பரீட்சை. மாடு மேய்க்கிற பிள்ளைகூடப் பாஸ் பண்ணும்.

இன்றைக்கு ஓட்டியவர் கிரெய்க், எங்கள் ஆசிரியர். அறுபது வயது, என் அப்பாவைப் போலவே முன்வழுக்கை. பெயர் சொல்லிக் கூப்பிடு என்று பெப்ரவரியிலிருந்து சொல்கிறார். நானும் பெப்ரவரியிலிருந்து "சேர்" என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் நீளமான உத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்தார். உத்திரத்தின் வால் மெல்லத் திரும்பி, புதிதாக வாங்கிய துளை போடும் மெஷின் பக்கம் போனது. நான் கண்டேன். முதல் ஆளாகக் கண்டேன்.

என்ன செய்தேன்? "எக்ஸ்கியூஸ் மீ, சேர்" என்றேன். மெதுவாக. அவருக்குக் கேட்கவில்லை. அறுபது வயது மனிசனைப் பார்த்து எப்படிக் கத்துவது? சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று பணிவாகச் சொல்லலாம் என்று நடக்கத் தொடங்கினேன். பாதி வழியில் "டமார்." மெஷினின் கண்ணாடிக் கவசம் சுக்குநூறு.

கிரெய்க் கேட்டார், "நீ பார்த்தாயா?"

"யெஸ், சேர்."

"பார்த்துவிட்டு நடந்து வந்தாயா?"

"யெஸ், சேர்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார்.

ஓகஸ்ட் 13, புதன்

கல்லூரிக்குப் போனேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கூட வலித்தது.

ஓகஸ்ட் 14, வியாழன்

கிரெய்க் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார். இங்கே ஃபெயில் என்று சொல்ல மாட்டார்கள். "இன்னும் தகுதி இல்லை" என்று எழுதுவார்கள். இனிப்பு உறைக்குள் கசப்பு மாத்திரை. வெல்டிங்கில் வகுப்பிலேயே என் கை முதல் இரண்டுக்குள் வரும் என்றும் சொன்னார். ஆனால் கத்தாத ஆளைக் கிரேன் இருக்கும் இடத்தில் விட முடியாது, விட்டால் ஒருநாள் யாராவது சாவார்கள் என்றார்.

ஒரு வழி இருக்கிறதாம். செப்டம்பரில் எல்லோரும் ஆறு கிழமை தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போகிறோம். அங்கே கிரேன் ஓட்டுபவர் என்னைப் பார்த்து, இந்தப் பிள்ளை கத்த வேண்டிய நேரத்தில் கத்துகிறாள் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் நவம்பரில் படிப்பு முடியும். வைக்காவிட்டால் முடியாது. டிசம்பரில் என் விசா முடிகிறது.

அப்பா கரைவலைக்காரர். அவர் கரையில் நின்று போடும் சத்தம் கடலில் நிற்கும் தோணிக்குக் கேட்கும். அதே தொண்டைதான் எனக்கும். தம்பி எறிக்கோடு நான் பிடித்த சண்டைகள் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கின்றன. அப்படியென்றால் எனக்குச் சத்தம் இல்லாமல் இல்லை. பெரியாட்களைக் கண்டால் தொண்டை தானாகப் பூட்டிக்கொள்கிறது. "சத்தம் போடாத பிள்ளை" என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயரை வைத்து இப்போது என்ன செய்வது?

ஓகஸ்ட் 17, ஞாயிறு

மாதா திருநாள் பூசை. மன்னார்ச் சனம் முழுக்க வந்திருந்தது. பூசை முடிந்து கோப்பியும் பற்றிஸும். கத்தரின் அன்ரி என்னைப் பத்துப் பேருக்கு அறிமுகப்படுத்தினா, "நல்ல அமைதியான பிள்ளை" என்று. பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது எனக்கு அழுகை வரப் பார்த்தது.

வரும் வழியில் லக்சிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுவே அதிசயம்.

"நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில ஒருத்தருக்கும் காது கேக்காது. 'றொபேட், வாயைத் திற' எண்டு கத்தினாத்தான் மருந்துக் குளிசை உள்ளுக்குப் போகும். அந்தாளுக்குத் தொண்ணூற்றியொரு வயசு. மரியாதையைப் பாத்தால் ஆள் செத்துப்போகும்."

"உனக்கு முதல் நாளே கத்த வந்ததோ?"

"முதல் நாள் எழுதிக் காட்டினனான். அவர் கண்ணாடி இல்லை எண்டிட்டார்."

ஓகஸ்ட் 23, சனி

கத்திப் பழகப் போனோம். வீட்டில் கத்தினால் அன்ரி பொலிசைக் கூப்பிடுவா. நோபல் பார்க்கில் ரெயில் பாதை தூண்களின் மேல் போகிறது, கீழே நடைபாதை. மேலே ரெயில் போகும்போது கத்தினால் யாருக்கும் கேட்காது என்பது லக்சிகாவின் கண்டுபிடிப்பு.

முதல் ரெயிலுக்கு எனக்குச் சத்தமே வரவில்லை. இரண்டாவதுக்கு ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. மூன்றாவது ரெயில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து "ஸ்டொப்" என்றேன். கண்ணைத் திறந்தால் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சைக்கிளைக் கிறீச்சென்று நிறுத்தி இறங்கி நிற்கிறார். முன்சில்லைப் பார்த்தார், பின்சில்லைப் பார்த்தார், என்ன பிரச்சினை என்று கேட்டார்.

"சொறி, சேர். நத்திங், சேர்."

லக்சிகா தூணைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். வீடு வந்த பிறகும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். ஆனால் ஒன்று: கத்தினேன், அந்த மனிசன் நின்றார். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஓகஸ்ட் 28, வியாழன்

கிரெய்க் வேண்டுமென்றே ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு திறந்திருந்த அலுமாரிக் கதவை நோக்கி நடந்தார். "கிரெய்க், ஸ்டொப்." கூடம் முழுக்க எதிரொலித்தது. அவர் சிலை மாதிரி நின்றார். பையன்கள் கை தட்டினார்கள். ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பெயர் சொன்னேன் என்று கிரெய்க் வெள்ளைப் பலகையில் திகதியைக் குறித்து வைத்தார்.

பழைய முடிவு முடிவுதானாம், தொழிற்சாலை அறிக்கை வேண்டும். பரவாயில்லை. நோய் தீர்ந்துவிட்டது. இனி எந்தக் கிரேன்காரனையும் கொண்டு வாருங்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

கொண்டு வந்துவிட்டார்கள்.

டண்டினோங் தெற்கில் பெரிய தொழிற்சாலை. குப்பை லொறிகளுக்கான இரும்புப் பெட்டிகள் செய்கிறார்கள். மெல்பேர்னின் குப்பையெல்லாம் இனி நான் ஒட்டிய பெட்டியில் போகும் என்று பெருமையோடு உள்ளே போனேன். டெபி என்ற மேற்பார்வையாளர் என்னைக் கிரேன் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனா. "இவர்தான் ஜே. உன் அறிக்கையை இவர்தான் எழுதுவார்."

நரைத்த மீசை, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு, தோய்த்து மடித்த மஞ்சள் சட்டை. ஜே என்றால் ஜெயரட்ணம் அங்கிள்.

"பிள்ளை எவடம்?"

"பேசாலை, அங்கிள்."

"ஆற்ற மகள்?"

"சுவாம்பிள்ளை. கரைவலை."

"ம். நான் சாவகச்சேரி. இருபத்திரண்டு வருசமா இந்தக் கிரேன்தான். நீர் அந்த மஞ்சள் கோட்டில நிண்டு பாத்தாக் காணும், வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

"ஓம், அங்கிள்."

அந்த "ஓம், அங்கிள்" வாயிலிருந்து வந்தபோதே தெரிந்துவிட்டது, நோய் தீரவில்லை. கிரெய்க்கைப் பெயர் சொல்லிக் கத்தலாம். அந்த மனிசனுக்கு நான் ஒரு றொசானா மட்டும்தான். இவருக்கு நான் சுவாம்பிள்ளையின் மகள்.

கத்தரின் அன்ரிக்கு ஆளைத் தெரியும். "கறம் டவுன்ஸ் கோயில்ல தேர் இழுக்கேக்க முன்வடத்தில நிக்கிற மனிசன். அந்தாளைக் கண்டால் பெரிய டொக்டர்மாரே எழும்பி நிப்பினம். நீ வாயைப் பொத்திக்கொண்டு வேலையைப் பழகு." வாயைப் பொத்தினால் படிப்பு போய்விடுமே, அன்ரி.

செப்டம்பர் 18, வியாழன்

மஞ்சள் கோட்டில் நின்றேன். பார்த்தேன்.

செப்டம்பர் 27, சனி

ஃபுட்டி என்கிற இந்த ஊர் உதைபந்தாட்டத்தின் இறுதிப் போட்டி. பக்கத்து வீடு, பின்வீடு, முன்வீடு எல்லாம் பகல் முழுக்கத் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தின. இந்த ஊரே கத்துகிறது. கத்தக் கூலி கேட்காமல் கத்துகிறது. எனக்கு மட்டும் ஒரு சத்தத்துக்கு இத்தனை பாடு.

இரண்டு கிழமை முடிந்துவிட்டது. அங்கிள் பிழையே விடுவதில்லை. சுமையைப் பூனை குட்டியைத் தூக்குவது போலத் தூக்கி வைக்கிறார். நான் ஒருதரம் "இடப்பக்கம் கொஞ்சம் இடிக்கும் போல இருக்கு, அங்கிள்" என்று மெல்லச் சொன்னேன். "தெரியும், பிள்ளை" என்றார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. இப்படியே போனால் அவர் அறிக்கையில் என்ன எழுதுவார்? "நன்றாக நின்றார்" என்றா?

ஒக்டோபர் 8, புதன்

ஐயோ. நான் என்ன செய்துபோட்டன்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணித் தேநீருக்குச் சற்று முன்பு. பெரிய இரும்புத் தகடு, கட்டில் அகலம். கிரேனின் துணிப் பட்டிகளில் தொங்கியது. கீழே வைப்பதற்குத் தரையில் மரக்கட்டைகள். ஒரு கட்டை கோணலாக இருந்தது. அங்கிள் வலது கையில் பொத்தான் பெட்டியை வைத்துக்கொண்டு தகட்டை இறக்கிக்கொண்டே, குனிந்து, இடது கையால் கட்டையை நேராக்கினார். இருபத்திரண்டு வருசத்துக் கை, தன்பாட்டில் போகிறது. நான் மேலே பார்த்தேன். தகட்டின் கூரான ஓரத்தில் பட்டி கிழிந்துகொண்டிருந்தது. நூல் நூலாக. அவருடைய கை கீழே.

"நில்லடா! கையை எடடா!"

நான்தான் கத்தினேன். ஜெயரட்ணம் அங்கிளைப் பார்த்து. ஸ்டொப் இல்லை, அங்கிள் இல்லை, அடா. எறிக்கோடு சண்டை பிடிக்கிற அதே வாய்.

கை வெளியே வந்தது. பட்டி அறுந்தது. தகட்டின் ஒரு மூலை விழுந்து அந்தக் கட்டை இரண்டாகப் பிளந்தது. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத வியட்னாம்காரர், சமோவாக்காரர் எல்லோரும் வெல்டிங்கை விட்டுவிட்டு நின்ற இடத்தில் நின்றார்கள்.

அங்கிள் கிரேனை நிற்பாட்டினார். பொத்தான் பெட்டியைக் கொளுவியில் மாட்டினார். என்னைப் பார்த்தார். தேநீர் அறைக்குப் போனார். பின்னேரம் வரைக்கும் என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

நான் வீடு வந்து சேர முன்னமே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. யார் சொன்னதோ. கத்தரின் அன்ரி குசினி வாசலில் நின்றா. "அடா எண்டனியோ? ஜெயரட்ணத்தையோ?"

"அவற்ற கை போயிருக்கும், அன்ரி."

"கை போனால் போகட்டும் எண்டு நான் சொல்லேல்லை. நில்லுங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே?"

லக்சிகா கதிரையிலிருந்து விழாத குறை. "நில்லுங்கோ எண்டு சொல்லி முடிய கை சப்பட்டையாப் போயிருக்கும், அன்ரி" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையெழுத்து வைக்க வேண்டிய ஒரே மனிசனை அடா போட்டிருக்கிறேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

டெபி விபத்து அறிக்கைக்குக் கூட்டம் வைத்தா. நானும் அங்கிளும் மேசைக்கு ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. அங்கிள் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெபி பேனாவைத் திறந்து, "நீ கத்திய சொற்களை அப்படியே சொல்லு" என்றா.

"நில்லடா."

"அப்படியென்றால்?"

நான் அங்கிளைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தீயணைப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "ஸ்டொப், சேர்."

பக்கத்தில் அங்கிளுக்குப் புரையேறியது. தேநீர் மூக்கால் வந்தது. இருமி முடியும்வரை டெபி பொறுத்திருந்து, "சரிதானே, ஜே?" என்று கேட்டா. அங்கிள் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். எழும்பிப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். ஆள் கிரேனடிக்குப் போயாயிற்று.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வேலைச் சொற்கள் மட்டும். "தூக்குறன்." "இறக்குறன்." "பட்டியைப் பாரும்." ஆனால் மஞ்சள் கோட்டில் நிற்கச் சொல்லவில்லை, கிட்ட வந்து நில்லும் என்றார். கோபமா இல்லையா? இந்த மனிசனின் முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியவில்லை, மீசை மறைக்கிறது.

அன்ரி பட்டர் கேக் அடித்துத் தந்தா, கொண்டுபோய் மன்னிப்புக் கேள் என்று. தேநீர் அறையில் வைத்தேன். சமோவாக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அங்கிளுக்கு ஒரு துண்டும் கிடைக்கவில்லை.

ஒக்டோபர் 24, வெள்ளி

கடைசி நாள். டெபி உறையைத் தந்தா. பஸ்ஸில் திறக்கலாம் என்று நினைத்து, வாசலிலேயே திறந்துவிட்டேன்.

அங்கிளின் கையெழுத்து பாடசாலைப் பிள்ளையின் எழுத்து மாதிரி நேர்கோட்டில் இருக்கிறது. "ஆபத்தைக் கண்டபோது என்ன செய்தார்?" என்ற இடத்தில், ஆங்கிலத்தில்: அவர் கத்தினார், நான் நின்றேன். "இவரோடு மீண்டும் வேலை செய்வீர்களா?" ஆம். கடைசிக்கு முந்திய கேள்வி: "சக பணியாளர்களிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாரா?" அதற்கும் ஆம். பேனா தாளில் பதியும்படி அழுத்திச் சரி போட்டிருக்கிறார். கீழே கையெழுத்து.

மரியாதைக்குமா? திரும்பத் திரும்பப் பார்த்தேன். கட்டம் மாறிப் போட்டுவிட்டாரோ?

படிப்பு முடியும்வரை கிழமைக்கு இரண்டு நாள் சம்பளத்துக்கு வருகிறாயா, திங்கட்கிழமையே தொடங்கலாம் என்று டெபி கேட்டா. ஜே கேட்கச் சொன்னவராம். வீதியோரத்தில் நின்று அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். வெல்டிங் முகமூடிப் படத்தையும் அனுப்பிவிட்டேன். "இது ஆர், றோட்டுப் போடுற பொடியனோ?" என்று கேட்கிறா.

ஒக்டோபர் 26, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"றொசானாவோ? நான் பவளம் அன்ரி. ஜெயரட்ணத்தாற்ற மனிசி."

ஏச்சு வரப்போகிறதென்று ரெடியாக நின்றேன். "அன்ரி, நான் வேணுமெண்டு அப்பிடிச் சொல்லேல்லை. அங்கிளிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் நிண்டனான், அதுக்கிடையில—"

"பிள்ளை, பொறு. நீ கத்தின அண்டைக்கு வீட்ட வந்து சாப்பிடாமல் இருந்தவர். கையை விரிச்சு விரிச்சுப் பாத்துக்கொண்டு இருந்தவர். என்னெண்டு கேட்டன், சொல்லேல்லை. நேற்றுத்தான் சொன்னவர்."

"என்ன சொன்னவர், அன்ரி?"

"மாமி, இவற்ற அம்மா, செத்துப் பதினாறு வருசம். அதுக்குப் பிறகு தன்னை அடா எண்டு கூப்பிட ஒருத்தரும் இல்லையாம். அண்டைக்குத்தான் திரும்பக் கேட்டவராம். சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள வந்து நிண்டு அழுதவர், பிள்ளை. அறுபத்துமூண்டு வயசு."

நான் வீதியோரத்தில் நின்றேன். "ஓம், அன்ரி" என்றேன். அவ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த ஞாயிறு சாப்பிட வரச் சொன்னா, கத்தரினையும் கூட்டிக்கொண்டு.

ஒக்டோபர் 27, திங்கள்

ஆறரைக்கே போய்விட்டேன். அங்கிள் கிரேனடியில் பட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"குட் மோர்னிங், அங்கிள்" என்றேன்.

"ம். வாரும்" என்றார். அந்த "அங்கிள்" கேட்டு முகம் கொஞ்சம் விழுந்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ?